ஏரிப் பறவைகளின் உடலும் நடத்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரிக்கரையில் பறவை பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அந்த அலகு ஏன் அப்படி வளைந்திருக்கிறது, அது ஏன் இறக்கையை விரித்துக்கொண்டே நிற்கிறது, வாத்து ஏன் நனைவதில்லை என்பது மாதிரி. பறவைகளின் தகவமைப்பு பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, நம் ஊர் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் கண்ணால் பார்க்கக்கூடிய பறவைகளை வைத்தே பதில் சொன்னால் நன்றாகப் புரியும். அதனால் இங்கே பெரும்பாலும் வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை, பழவேற்காடு, பள்ளிக்கரணை போன்ற இடங்களின் பறவைகள்தான் வருகின்றன.

ஒரே ஏரியில் இத்தனை வகைப் பறவைகள் இருக்கின்றனவே, இரைக்குப் போட்டி வராதா?

ஓரளவு வரும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. நாம் ஏரியை ஒரே இடமாகப் பார்க்கிறோம். பறவைகளுக்கு அது பல இடங்கள். அந்த இடங்களைப் பிரிப்பது பெரும்பாலும் தண்ணீரின் ஆழம்தான்.

காய்ந்த கரையில் மாடுகளின் பின்னால் உண்ணிக்கொக்கு நடக்கும். மாடு மேயும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகள்தான் அதற்கு இரை. ஈரமான கரை ஓரத்தில் மடையான் அசையாமல் குந்தியிருக்கும். வெறும் சேறாக இருக்கும் இடத்தில் உள்ளான்கள் குத்திக் குத்தி எடுக்கும். கணுக்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும். அதற்கும் கொஞ்சம் உள்ளே, மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும். நாரை நிற்க முடியாத ஆழத்தில் வாத்துகள், நாமக்கோழிகள், கூழைக்கடாக்கள். தண்ணீருக்கு அடியில் முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா. தண்ணீருக்கு மேலே காற்றில் ஆலாக்களும் மீன்கொத்திகளும்.

ஒரு பறவையின் காலையும் அலகையும் பார்த்தாலே அது எவ்வளவு ஆழத்தில் இரை தேடும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஏரிப் பறவைகளைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். கீழே வரும் பல பதில்கள் இதையொட்டியே போகின்றன.

நத்தைகுத்தி நாரையின் அலகு மூடாமல் நடுவில் இடைவெளி இருக்கிறதே, அது ஊனமா?

இல்லை. வளர்ந்த எல்லா நத்தைகுத்தி நாரைகளுக்கும் அப்படித்தான் இருக்கும். குஞ்சுகளுக்கு அலகு நேராக, இடைவெளி இல்லாமல் இருக்கும். வளர வளரத்தான் இடைவெளி உருவாகும்.

இதன் முக்கிய இரை வயலிலும் ஏரியிலும் கிடக்கும் பெரிய நன்னீர் நத்தைகள். அந்த இடைவெளியில் நத்தையை வைத்து, பாக்கு வெட்டுவதுபோல நொறுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஜூலியன் ஹக்ஸ்லி போன்ற பெரிய உயிரியல் அறிஞரே அப்படித்தான் கருதினார். பிறகு நடந்த ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. உண்மையில் இந்த நாரை பெரிய நத்தையின் ஓட்டை உடைப்பதே அரிது. மேல் அலகின் நுனியால் நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். கீழ் அலகின் கூரிய நுனியை ஓட்டின் மூடிக்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு இணைக்கும் தசையை அறுக்கும். பிறகு சதையை முழுதாக உருவி எடுத்துவிடும். இவ்வளவும் பல நேரம் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிடும், நமக்குக் கழுத்தின் அசைவு மட்டும்தான் தெரியும். சிறு நத்தைகளை அப்படியே விழுங்குவதும் நசுக்குவதும் உண்டு.

அப்படியானால் இடைவெளி எதற்கு? அலகின் நுனிகள் அதிக விசையோடு வந்து சேர அது உதவுகிறது என்பது ஒரு விளக்கம். மேல் அலகின் ஓரத்தில் இருக்கும் தூரிகை மாதிரியான விளிம்பு, வழுக்கும் ஓட்டைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. இடைவெளி இல்லாத இளம் பறவைகளும் நத்தை தின்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனவே இடைவெளி இல்லாவிட்டால் பட்டினி என்று சொல்ல முடியாது. இருந்தால் வேலை சுலபம் என்றுதான் சொல்லலாம்.

19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த நாரை நத்தையைப் பிடித்துவிடும் என்று எழுதியிருக்கிறார். கலங்கிய நீரில் கண்ணைவிட அலகின் தொடு உணர்வுதான் அதற்குப் பெரிய துணை.

பாம்புத்தாராவும் நீர்க்காகமும் ஏன் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கின்றன?

காய வைக்கத்தான். ஆனால் நாள் முழுவதும் தண்ணீரில் வாழும் ஒரு பறவைக்கு நனையும் இறகு எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும். சுவையான இடம் அதுதான்.

இறகுகளுக்கு நடுவே காற்று நிறைய இருந்தால் பறவை மிதக்கும். வாத்துக்கு அது வசதி. முங்கி மீன் பிடிக்கும் பறவைக்கு அதுவே இடைஞ்சல். உள்ளே போகப் போகக் காற்று மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பாம்புத்தாராவின் இறகுகள் நன்றாக நனைந்துவிடும். காற்று வெளியேறி உடல் கனத்துப்போகும். எலும்புகளும் மற்ற பறவைகளைவிடக் கனமானவை. அதனால்தான் அது நீந்தும்போது உடல் முழுக்க நீருக்குள் அமிழ்ந்து, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே தெரிகிறது. அவசரம் இல்லாமல், சத்தம் இல்லாமல் மீனை நெருங்க இது வசதி.

நீர்க்காகத்தின் கதை சற்று வேறு. அதன் இறகின் வெளிப்பகுதி நனையும். உடலை ஒட்டிய உட்பகுதி நனையாது. எனவே தோலை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் மிஞ்சும். முங்கவும் முடியும், உடல் முழுக்கச் சில்லிட்டும் போகாது. பாம்புத்தாராவுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. அதனால் அது வெயிலில் நிற்பது இறகைக் காய வைக்க மட்டுமல்ல, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளவும்தான்.

பாம்புத்தாரா கழுத்தில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. 8-ஆவது கழுத்து எலும்பில் தனியாக ஒரு மடிப்பு. அதனால் கழுத்து எப்போதும் மடங்கி, பாயத் தயாராக நிற்கும். மீன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் மடிப்பு விரிந்து, கூரிய அலகு மீனின் உடலில் ஏறிவிடும். மீனைப் பிடிப்பதில்லை, குத்துகிறது. பிறகு மேலே வந்து, தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக விழுங்கும். மீனின் முள்ளும் செதிலும் தொண்டையில் குத்தாமல் இருக்க அதுதான் சரியான முறை. நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய காட்சி இது.

அப்படியானால் வாத்து ஏன் நனைவதில்லை?

வால் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அந்த எண்ணெயை அலகால் எடுத்து இறகு முழுக்கத் தடவுகிறது. பலரும் அதோடு பதிலை நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமான காரணம் இறகின் அமைப்பு. இறகின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவே சிக்கிய காற்றைத் தாண்டி நீர்த்துளி உள்ளே போக முடியாது. எண்ணெய் அந்த இழைகளை உடையாமல், மிருதுவாக வைத்திருக்கிறது. வாத்து மணிக்கணக்கில் இறகு கோதுவது கலைந்த கொக்கிகளைத் திரும்ப மாட்டுவதற்காக. நீரில் கழிவெண்ணெய் கலந்தால் இந்த அடுக்கு குலைந்துவிடும். பறவை நனைந்து, குளிர்ந்து இறந்துபோகும்.

கூழைக்கடாவின் தொண்டைப் பையில் மீனைச் சேமித்து வைக்குமா?

வைக்காது. அந்தப் பை பிடிப்பதற்கு, சேமிப்பதற்கு அல்ல. அலகை நீருக்குள் விட்டு மொள்ளும்போது பை விரிந்து, தண்ணீரும் மீனும் சேர்ந்து உள்ளே வரும். பிறகு அலகை மார்போடு சாய்த்து நீரை வடியவிட்டு, மீனை உடனே விழுங்கிவிடும். குஞ்சுக்குக் கொண்டுபோவது விழுங்கிய மீனைத்தான். குஞ்சு தாயின் வாய்க்குள் தலையை நுழைத்து எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மதிய வெயிலில் கூட்டில் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவைக் கவனியுங்கள், தொண்டைத் தோல் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். மெல்லிய தோலில் நிறைய இரத்தக்குழாய்கள் இருப்பதால் அந்த அசைவில் ஈரம் ஆவியாகி உடல் குளிர்கிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது.

நம் ஊர்க் கூழைக்கடா பெரும்பாலும் தனியாகவோ சிறு கூட்டமாகவோதான் மீன் பிடிக்கும். சில நேரம் வரிசை கட்டி மீன்களை ஆழமற்ற பக்கம் ஓட்டிச் சென்று பிடிப்பதும் உண்டு.

பூநாரை ஏன் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சாப்பிடுகிறது?

அதன் அலகே அந்த நிலைக்காக அமைந்தது. மற்றப் பறவைகளுக்கு மேல் அலகு பெரிதாக இருக்கும். பூநாரைக்குக் கீழ் அலகுதான் பெரிது. தொட்டி மாதிரி குழிந்து, உள்ளே தடித்த நாக்கு கிடக்கும். தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் வைத்து, நாக்கை முன்னும் பின்னும் வேகமாக அசைக்கும். நீர் உள்ளே வந்து வெளியேறும். அலகின் ஓரத்தில் இருக்கும் நெருக்கமான தகடுகளில் சிறு கூனிகள், பூச்சிகள், பாசிகள் தங்கிவிடும். நீர் வேண்டாம், இரை மட்டும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கருவி பறவைகளில் இல்லை என்று நினைக்கிறேன்.

இதே இரையிலிருந்துதான் இளஞ்சிவப்பும் வருகிறது. கூனிகளிலும் பாசிகளிலும் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகள் இறகில் படிகின்றன. குஞ்சு சாம்பல் நிறத்தில், நேரான அலகோடுதான் பிறக்கும். முதலில் தாய் தந்தை இருவரும் தொண்டையில் சுரக்கும் ஒரு வகைப் பாலை ஊட்டுவார்கள். அலகு வளைந்து வடிகட்டும் அமைப்பு வந்த பிறகே குஞ்சால் தானாகச் சாப்பிட முடியும்.

பழவேற்காடு, கோடியக்கரை போன்ற உவர்நீர்ப் பகுதிகளுக்கு அவை வரக் காரணமும் உடலில்தான் இருக்கிறது. உப்பு மிகுந்த நீரில் மீன்கள் குறைவு, கூனி ஏராளம், போட்டியும் குறைவு. உடலில் சேரும் மிகை உப்பைக் கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் பிரித்து மூக்கு வழியாக வெளியேற்றிவிடும். இந்தியாவில் இவை இனப்பெருக்கம் செய்யும் முக்கிய இடம் குஜராத்தின் கட்ச் பகுதி. கூட்டைச் சேற்றைக் குவித்துக் கட்டும்.

ஒற்றைக் காலில் நிற்பது வலிக்காதா?

வலிக்காது, சிரமமும் இல்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் நிமிர்த்தி நிறுத்த முடிந்தது. இரண்டு காலில் முடியவில்லை. அதாவது ஒற்றைக் காலில் நிற்கும்போது மூட்டுகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன, தசைக்கு வேலை இல்லை. தூங்கும் பறவை அதனால்தான் ஆடாமல் நிற்கிறது. ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொள்வதால் உடல் சூடு வெளியேறுவதும் குறையும்.

தாமரை இலைமேல் நடக்கும் பறவை எது? மூழ்காமல் எப்படி நடக்கிறது?

அது இலைக்கோழி. நம் ஏரிகளில் நீளவால் இலைக்கோழியும் தாமிர நிற இலைக்கோழியும் உண்டு. இவற்றின் விரல்களும் நகங்களும் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம். சேற்று வயலில் பலகை போட்டு நடந்தால் கால் புதையாது அல்லவா, அதே விஷயம்தான். எடை பரந்த இடத்தில் விழுவதால் அல்லி இலையும் தாமரை இலையும் தாங்குகின்றன.

என்னை அதிகம் கவர்வது அதன் காலைவிட அதன் குடும்பம். இலைக்கோழியில் பெண் பெரியது. ஒரே பருவத்தில் பல ஆண்களோடு சேர்ந்து முட்டையிடும். அடை காப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. மிதக்கும் இலைமேல் கட்டிய கூடு சுலபத்தில் மூழ்கும், அல்லது வேறு பிராணிகள் முட்டையைத் தின்றுவிடும். ஒரு கூடு போனாலும் பெண்ணால் விரைவில் மறுபடி முட்டையிட முடிகிறது என்பது இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விளக்கம். தாமிர நிற இலைக்கோழியில் ஆபத்து வந்தால் தந்தை குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடும். சின்னச் சின்னக் கால்கள் வெளியே தொங்கும்.

நீருக்குள் இருக்கும் மீன் இடம் மாறித் தெரியுமே, கொக்கு எப்படிச் சரியாகப் பிடிக்கிறது?

ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் மீன் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும். கொக்கு இனங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், அவை தாக்கும் கோணத்தையும் ஆழத்தையும் பொறுத்து இந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்வது தெரிந்திருக்கிறது. கொக்கு தாக்குவதற்கு முன் தலையை அசைத்து நிலையைச் சரிபார்ப்பதை நீங்களே பார்க்கலாம்.

கலங்கல் நீரில் கண் உதவாது. மஞ்சள்மூக்கு நாரை அங்கேதான் தேர்ந்தது. அலகைச் சற்றுத் திறந்து நீருக்குள் விட்டுக்கொண்டு நடக்கும்; காலால் கலக்கி மீனைக் கிளப்பும். மீன் அலகில் பட்ட கணமே அலகு மூடிவிடும். இதன் அமெரிக்க உறவினமான மர நாரையில் இந்த மூடும் வேகத்தை அளந்திருக்கிறார்கள், வெறும் 25 மில்லி நொடி.

உள்ளான்கள் சேற்றில் கண்மூடித்தனமாகக் குத்துகின்றனவா?

இல்லை. அவற்றின் அலகு நுனியில் நுண்ணிய உணர்வு உறுப்புகள் நிறைய இருக்கின்றன. சேற்றுக்குள் ஒரு புழு அசைந்தாலும் தெரியும். பல இனங்களால் அலகை முழுக்கத் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்ற முடியும். சேற்றுக்குள் முழு அலகையும் திறப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்தால் இதன் அருமை புரியும். அலகின் நீளமும் இனத்துக்கு இனம் வேறு. குட்டை அலகு மேற்பரப்பில் தேடும். கோட்டான் என்ற பெரிய கரைப்பறவையின் (ஆந்தையை அல்ல, ஆங்கிலத்தில் curlew எனப்படுவதைச் சொல்கிறேன்) நீண்ட வளைந்த அலகு ஆழத்தில் இருக்கும் நண்டையும் புழுவையும் எட்டும்.

நாரைகளின் கால் ஏன் சில நேரம் வெள்ளையாகத் தெரிகிறது?

வெயில் உச்சத்தில் நாரைகள் தங்கள் கால்களின் மேலேயே எச்சமிடும். அதில் இருக்கும் நீர் ஆவியாகும்போது கால் குளிர்ந்து, அதன் வழியே ஓடும் இரத்தமும் குளிர்கிறது. எச்சம் காய்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். நோய் எதுவும் இல்லை. கோடை வெயிலில் குஞ்சுகள் இருக்கும் கூட்டில் பெற்றோர் இறக்கையை விரித்து நிழல் கொடுப்பதையும், வாயில் நீர் கொண்டுவந்து குஞ்சுகள்மேல் ஊற்றுவதையும் பார்க்கலாம்.

முக்குளிப்பான் தரையில் நடப்பதைப் பார்த்ததே இல்லையே?

அரிதாகத்தான் நடக்கும். அதன் கால்கள் உடலின் பின்கோடியில் இருக்கின்றன. நீருக்குள் தள்ளிக்கொண்டு போக அது மிகச் சிறந்த இடம். தரையில் நிற்க மிக மோசமான இடம். விரல்களில் வாத்துக்கு இருப்பதுபோல ஒரே சவ்வு இல்லை, ஒவ்வொரு விரலிலும் தனி மடல். கால் முன்னே வரும்போது மடல் மடங்கும், பின்னே உதைக்கும்போது விரியும்.

தரைக்கு வர முடியாததால் கூடும் நீரில் மிதக்கும். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் ஏறிப் பயணம் செய்யும். தன் இறகுகளைத் தானே தின்னும் விநோத வழக்கமும் இதற்கு உண்டு. மீன் முள் குடலைக் கிழிக்காமல் பாதுகாக்க என்பது பொதுவான விளக்கம்.

வடக்கே குளிர் நாடுகளில் பறவைகள் கோடையில் கூடு கட்டும்போது, நம் ஏரிகளில் மட்டும் ஏன் கார்த்திகை, மார்கழியில் கூடு கட்டுகின்றன?

மழைதான் காரணம். இங்கே ஏரிகளை நிரப்புவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. ஏரி நிரம்பியதும் மீன் குஞ்சுகள் பெருகும். நத்தை, தவளை எல்லாம் வரும். கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சு அதிகமாகச் சாப்பிடும் கட்டம் வரும்போது தைக்குப் பிறகு தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கியிருக்கும். வற்றும் நீரில் மீன்கள் குறுகிய இடத்தில் சேரும், பிடிப்பது சுலபம். நாரையின் கால் நீளத்துக்கு எட்டாத ஆழம், எட்டும் ஆழமாக மாறும் காலமும் அதுதான். மழை தவறினால் பல பறவைகள் அந்த ஆண்டு கூடே கட்டாது.

நீருக்கு நடுவே நிற்கும் கடம்ப மரங்களையும் கருவேல மரங்களையும் தேர்ந்தெடுப்பதும் இதோடு சேர்ந்ததே. சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பூனையும் நரியும் கூட்டை எட்ட முடியாது.

வேடந்தாங்கல் விவசாயிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்தி. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இந்த ஊர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

இமயமலையைத் தாண்டி வரும் வாத்து உண்மையா?

உண்மை. வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பகுதிகளின் உயர்ந்த ஏரிகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரை வரும். கருவி பொருத்திக் கண்காணித்ததில் ஒரு பறவை 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இதன் உடலில் சற்று மாறியிருப்பதால் ஆக்சிஜனை அதிக ஈர்ப்போடு பற்றிக்கொள்கிறது. நுரையீரல் பெரிது. இதயத்திலும் பறக்கும் தசைகளிலும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அதிகம். எல்லாப் பறவைகளுக்கும் பொதுவான ஒரு வசதியும் உண்டு: காற்றுப்பைகளின் உதவியால் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, மூச்சை வெளிவிடும்போதும் புதிய காற்று கிடைக்கிறது.

நடத்தையும் சேர்ந்து உதவுகிறது. ஒரேயடியாக உயரத்தில் பறந்துகொண்டே இருப்பதில்லை. மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. பார்க்க வீண் உழைப்பாகத் தோன்றினாலும் அடர்ந்த காற்றில் பறப்பதால் மொத்தச் செலவு குறைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் இரவையும் அதிகாலையையும் அதிகம் பயன்படுத்துகிறது.

வழியில் இறங்காமல் எவ்வளவு தூரம் ஒரு பறவையால் பறக்க முடியும்?

2022-இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் ஓர் இளம் பறவை சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. சுமார் 11 நாட்கள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. இந்த இனம் புறப்படுவதற்கு முன் கொழுப்பை ஏற்றிக்கொள்ளும்; பயணத்தில் தேவைப்படாத குடல், இரைப்பை போன்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்ளும். சேர்ந்த இடத்தில் அவை மறுபடி வளரும்.

பறவைகள் தேவைக்கேற்பத் தங்கள் உடலை மாற்றிக்கொண்டனவா?

இல்லை. இந்தக் குழப்பம் பாடப் புத்தகத்தைப் படித்த பிறகும் பலருக்கு இருக்கிறது. எந்த நாரையும் ஆழத்தில் நிற்க ஆசைப்பட்டுக் காலை நீட்டிக்கொள்ளவில்லை. ஒரே இனத்துக்குள் சற்று நீண்ட கால், சற்றுக் குட்டையான கால் என்று வேறுபாடுகள் பிறவியிலேயே உண்டு. எது அந்தச் சூழலில் அதிகம் பிழைத்து அதிகக் குஞ்சுகளை வளர்க்கிறதோ, அதன் இயல்பு அடுத்த தலைமுறையில் பெருகும்.

இதை நேரடியாக அளந்தே காட்டியிருக்கிறார்கள். பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் 1973 முதல் குருவிகளின் அலகுகளை அளந்து வந்தார்கள். 1977-இல் கடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவை பெரிய கடின விதைகள். அதில் ஒன்று நம் ஊர் நெருஞ்சியின் உறவுச்செடியின் முள். குருவிகளில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவை தடித்த அலகு கொண்டவை. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்திருந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பெருமழை பெய்து சிறு விதைகள் நிறைந்தபோது போக்கு திரும்பி, சிறிய அலகுக்குச் சாதகமாகியது. பெரிய அலகுதான் உயர்ந்தது என்று எதுவும் இல்லை, அந்தந்த ஆண்டின் விதைதான் தீர்மானிக்கிறது.

ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் பறவைகளுக்கு நல்லதுதானே?

எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. தூர்வாருவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாசனத்துக்கும் குடிநீருக்கும் அது தேவை. ஆனால் கரையைச் செங்குத்தாக வெட்டி, ஏரி முழுவதையும் ஒரே ஆழமாக்கிவிட்டால், முதல் பதிலில் சொன்ன அந்தப் படிப்படியான ஆழங்கள் போய்விடும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் சமாளிக்கும். உள்ளானுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் நாரைக்கும் நிற்க இடமே இருக்காது. உள்ளானின் காலை நீட்டவா முடியும்?

ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடுவது, நடுவில் மரங்கள் நிற்கும் திட்டுகளைக் கலைக்காமல் இருப்பது, கோரையும் அல்லியும் உள்ள மூலையை அப்படியே விடுவது ஆகியவை பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை. ஏரியில் எப்போதும் தண்ணீர் ததும்ப வேண்டும் என்ற ஆசையும் பறவைக்கு ஒத்துவராது. நிரம்புவதும் வற்றுவதும் இரண்டும் அவற்றுக்கு வேண்டும். வயலில் நத்தையைக் கொல்ல நஞ்சு தெளித்தால் அது நத்தைகுத்தி நாரையின் சாப்பாட்டில் கை வைப்பதுதான்.

எங்கே, எப்போது போனால் இதையெல்லாம் பார்க்கலாம்?

வேடந்தாங்கலுக்கும் அதன் அருகே உள்ள கரிக்கிலிக்கும் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும். வரித்தலை வாத்துக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. உள்ளான்களுக்கும் பூநாரைக்கும் கோடியக்கரை. பழவேற்காட்டிலும் பூநாரை பார்க்கலாம். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை பக்கத்திலேயே இருக்கிறது. இவற்றில் கோடியக்கரை, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002-இலேயே சேர்ந்தது; வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, கூந்தன்குளம் நான்கும் 2022-இல் அந்தப் பட்டியலில் அறிவிக்கப்பட்டவை.

காலை 6 மணி முதல் 9 வரை, அப்புறம் மாலை 4 மணிக்கு மேல். நடுப்பகலில் போனால் காலில் எச்சமிடுவதையும் தொண்டை படபடப்பதையும் பார்க்கலாம், ஆனால் பறவைகள் அதிகம் அசையாது. சாதாரண 8×40 பைனாகுலர் போதும். முதல் தடவை போகிறவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பறவை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, அலகை எப்படிப் பயன்படுத்துகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூடுகளுக்குக் கீழே போகவோ, படத்துக்காகக் கை தட்டிப் பறக்கவிடவோ வேண்டாம். பெற்றோர் எழுந்து போன சில நிமிடங்களில் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் காக்கைக்கும் ஆளாகிவிடும்.